தோணி வரையுள்ள பிள்ளைகள்

போன கிழமை பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். சந்தி என்றால் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் உப்பு லொறி, மறுபக்கம் சீமெந்து லொறி, நடுவில் நிற்கிறவர் தலையில் இரண்டின் தூசும். வெயில் தாங்காமல் பக்கத்திலிருந்த போட்டோக் கொப்பிக் கடைக்குள் ஒதுங்கினேன். அங்கே மெஷினிலிருந்து பெரிய வரைபடம் ஒன்று மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. எங்கள் கற்பிட்டிக் குடாநாடுதான். பச்சை, மஞ்சள், ஊதா என்று துண்டு துண்டாக நிறம் தீட்டியிருந்தார்கள்.

"எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகோணும் எண்டு பிரிச்சிருக்கு," என்றார் அதை எடுக்க வந்திருந்த கல்விக் கந்தோர் உத்தியோகத்தர். "சின்னப் பள்ளிக்கூடங்களை ஒண்டாச் சேக்கப் போறாங்க."

மறுபடியுமா என்று நினைத்தேன். ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது படமல்ல, மணம். சூடான கடதாசியும் மையும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு வயது இருபத்திரண்டாகிவிட்டது. அந்தக் காலத்தில் கல்விக் கந்தோர்ச் சுற்றுநிருபங்கள் ரோணியோ மெஷினில் அடித்து வரும். தொட்டால் விரலில் ஒட்டும். அந்த விரலோடு பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். என் முதல் வேலையின் ருசி என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முதல் நியமனம் மாம்புரிக்கு அப்பால் ஒரு கடற்கரைப் பள்ளிக்கூடத்தில். ஊர்ப்பெயர் வேண்டாம், இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு அறை, ஒரு கிணறு, அதிபர், நான், இன்னொரு டீச்சர். பிள்ளைகளில் பாதிப்பேர் கடற்தொழில் செய்யும் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். மற்றப் பாதி யுத்தத்தில் மன்னாரிலிருந்து ஒரே நாளில் துரத்தப்பட்டு வந்து, கரையோரம் தென்னங்கிடுகுக் குடிசை போட்டிருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். அதிபர் வெண்கட்டியை மிச்சம் பிடிப்பதுபோலவே சொல்லையும் மிச்சம் பிடிப்பார். சுற்றுநிருபத்தில் கால்புள்ளி இருந்தால் அதற்கும் கீழ்ப்படிகிற மனுஷன்.

அந்த வருஷம் எங்களுக்கு வடக்கே இருந்த இன்னொரு சின்னப் பள்ளிக்கூடத்தை மூடுவது என்று முடிவாயிற்று. கூரை போய்விட்டது, வாத்தியாரும் போய்விட்டார். அதன் பிள்ளைகளில் யார் எங்களிடம் வருவது, யார் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவது? அதற்கு ஒரு எல்லைக்கோடு கீறி, அதை எழுத்தில் விவரித்து அனுப்பச் சொன்னார்கள். அதிபர் என்னைப் பார்த்தார். வயதில் குறைந்தது நான்தான், கையெழுத்திலும் அழகு என்னுடையதுதான். அந்தக் கையெழுத்தின்மேல் எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் ஆவணி மாதம். கடல் யாரையும் கிட்ட விடாது. மணல் செருப்பைத் தாண்டிச் சுட, பென்சிலும் கடதாசியுமாக நடந்தேன். கோடு தொடங்குமிடம் சுலபமாகக் கிடைத்தது: தென்னந்தோட்டத்து முள்வேலியின் மூலை. அங்கிருந்து மேற்கே, கடற்கரையில் முடிய வேண்டும். கடற்கரையிலோ மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. குடிசைகளுக்குச் சொல்லும்படி அடையாளம் கிடையாது, எல்லாம் ஒரே கிடுகு. அப்போதுதான் அந்தக் கரைவலைத் தோணியைக் கண்டேன். சூசை சம்மாட்டியின் தோணி. சம்மாட்டி என்றால் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். மரத் தோணி, ஒரு வீட்டளவு நீளம். மேலே கிடுகுக் கூரை, கீழே நிழலில் நாலு ஆடு, பக்கவாட்டில் பூசணிக்கொடி படர்ந்து ஒரு பிஞ்சும் விட்டிருந்தது. இது இந்த இடத்தை விட்டு எங்கே போகப்போகிறது? "வேலி மூலையிலிருந்து நேராகக் கரையிலுள்ள சூசை என்பவரின் தோணி வரை. தோணிக்குத் தெற்கே உள்ள வீடுகள் கரைப் பள்ளிக்கூடம், வடக்கே உள்ளவை ரோட்டுப் பள்ளிக்கூடம்" என்று முத்து முத்தாக எழுதி அனுப்பினேன். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த ஒரு விஷயம் எனக்குத் தோன்றவில்லை. சோளகம் ஓய்ந்தால் கரைவலைத் தோணி கடலுக்குப் போகும்.

எனக்குத்தான் தோன்றவில்லை என்றால் கந்தோரிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மார்கழியில் அது ரோணியோவில் அச்சாகி, முத்திரை விழுந்து, கையொப்பத்தோடு திரும்பி வந்தது. அதிபர் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தொழில் நடக்கிற காலத்தில எல்லை ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போய் வரும் போல இருக்கே, டீச்சர்." அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தச் சிரிப்பும் நீடிக்கவில்லை.

காரணம், கடிதம் வந்த அன்று பின்னேரமே கதீஜா ராத்தா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதுதான். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். கணவர் பாலாவி உப்பளத்தில். மூடப்படும் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்த றிஸ்வானா அவருடைய மகள். அவர்கள் குடிசை தோணிக்கு வடக்கே, என் காலால் அளந்தால் பதினெட்டு அடி. அதாவது ரோட்டுப் பள்ளிக்கூடம்.

"மூத்தவன அந்த ரோட்டுல குடுத்திட்டன் டீச்சர்," என்றார். "சீனி வாங்கக் கடைக்குப் போன புள்ள. லொறிக்காரன் நிப்பாட்டக்கூட இல்ல. இவள நான் அந்த ரோட்டக் கடந்து அனுப்ப மாட்டன். நானும் கடக்க மாட்டன். படிப்பு இல்லாமப் போனாப் போகட்டும்."

அந்தக் கோட்டைக் கீறியது நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"தெரியும். அண்டைக்கு எங்கட வீட்டுலதானே தண்ணி குடிச்சிட்டுப் போய்க் கீறின."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுடுகிறது. அதிபரிடம் ஓடினேன். "கையெழுத்து விழுந்திட்டுது. மாத்தேலாது," என்றார். மறுநாள் பத்து மணிக்குக் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து, எல்லையை நேரில் பார்த்து, தெற்குப் பக்க வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு போவார். எங்கள் பெயர்ப்பதிவு இடாப்பில் அந்தப் பெயர்கள் மட்டும்தான் ஏறும்.

கரைக்கு நடந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. அந்தக் கிழமை கடலில் காற்றும் மழையுமாகக் கொந்தளிப்பு. தொழிலை நிறுத்தித் தோணியைப் பழைய இடத்திலேயே ஏற்றிக் கூரையும் போட்டு வைத்திருந்தார்கள். சூசை அண்ணன் அதன் மறைவில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அரசாங்கக் கடிதத்தில் தன் பெயர் வந்திருப்பதில் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் முகம் மாறியது.

"அப்ப என்ட தோணி கிடக்கிற இடந்தான் எல்லை?"

"ஓம்."

"அது எங்க கிடக்கோணும் எண்டு போட்டிருக்கோ?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை.

"அப்ப நீங்க வீட்ட போய்ப் படுங்க, டீச்சர்."

காலை ஆறரைக்கு நான் வந்தபோது கூரை கழற்றியிருந்தது. தென்னங்குற்றிகளை அடியில் உருளைக்கு வைத்திருந்தார்கள். கடலில் இறக்கி வடக்கே கொண்டுபோய் ஏற்றுவதென்றால் பெரிய வேலையில்லை, ஆனால் அலை மதில்போல் எழும்பிக்கொண்டிருந்தது. மணலிலேதான் இழுக்க வேண்டும். முப்பது பேராவது வேண்டும். சூசை அண்ணனின் ஆட்கள் பன்னிரண்டு பேர். மிச்சம் குடியிருப்பிலிருந்து வந்தார்கள், விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடித்த தொப்பியோடு. தோணியின் முன்பக்க அணியத்தில் மாதா படம் வரைந்திருந்தது. அதற்குக் கீழே தோளைக் கொடுத்து நின்றவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். இதையெல்லாம் யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கரைவலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டுப் பாடித்தான் இழுப்பார்கள். பாட்டு இல்லாமல் கைகள் ஒன்றாக விழாது. முன்கயிற்றில் நின்றவர் என்னைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்:

"டீச்சர் கீறின கோடு..."

"ஏலேலோ!"

"வடக்க வடக்க ஓடு..."

"ஏலேலோ!"

தோணி முனகியது. ஒரு சாண் நகர்ந்தது. பிறகு இன்னொரு சாண். பின்னால் வெளியே வந்த குற்றியைத் தூக்கி முன்னால் ஓடிப்போய் வைப்பார்கள், மறுபடி இழுப்பார்கள். பதினெட்டு அடிதானே என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கதீஜா ராத்தாவின் வாசலைத் தாண்டியதும் கயிற்றைப் போட்டுவிட்டுச் சிலர் இருமினார்கள், சிலர் தண்ணீர் கேட்டார்கள். அவர் குடத்தோடு வந்தார். வந்தவர் குடத்தை வைத்துவிட்டு அடுத்த குடிசையைப் பார்த்தார். அங்கே ஒரு தாய் இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

கதீஜா ராத்தா குனிந்து கயிற்றை எடுத்தார். எடுத்துக்கொண்டு ஒருவரையும் பார்க்காமல் நின்றார்.

"அட, புடிங்கடா," என்றார் சூசை அண்ணன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு வாசலுக்கும் தோணி வரும்போது அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து கயிற்றைப் பிடித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கர்ப்பிணி ஒருத்தியும் வர, அவளை ஏசி அனுப்பிவிட்டு அவளுடைய மாமியார் பிடித்தாள். வீடு வீடாகக் கயிறு நிறைந்தது. குடை பிடித்தபடி வந்த அதிபர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை மடக்கி மணலில் குத்திவிட்டு, வெள்ளைக் காற்சட்டையோடு வந்து எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தார். ஓம், நானும் பிடித்திருந்தேன், எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை. உள்ளங்கை தோலுரிந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். மரமும் இரும்புமான அவ்வளவு பெரிய ஒன்று, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக மணலில் ஊர்ந்து போனதை என் கண்ணால் கண்டேன். கோவிலில்கூட எனக்கு உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை.

கடைசி வீட்டையும் தாண்டித்தான் நின்றார்கள். அதிகாரி பத்தரைக்கு வந்தார், சப்பாத்து நிறைய மணலோடு. தோணியைப் பார்த்தார். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலில் உழுதுகொண்டு வந்திருந்த தடத்தைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்தார்.

"இந்தத் தோணி எப்பவும் இங்கதான் கிடக்கிறதா?"

"ஓம் சேர்," என்றார் சூசை அண்ணன். "இண்டைக்கு விடிஞ்சதிலயிருந்து."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார்: "தோணிக்குத் தெற்கே உள்ள வீடுகள்." பேனாவைத் திறந்து, "முதல் வீட்டில இருந்து பேரைச் சொல்லுங்க," என்றார். றிஸ்வானாவின் பெயரை எழுதும்போது கதீஜா ராத்தா அங்கே இல்லை. தோட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

இரண்டு அறைக்குள் அத்தனை பிள்ளைகளையும் எப்படி இருத்தினோம் என்பது இன்னொரு கூத்து. மழை இல்லாத நாளில் மூன்றாம் வகுப்பு கிணற்றடியில். றிஸ்வானா கணக்கில் சுமார், கையெழுத்து மட்டும் என்னுடையதைவிட அழகு. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பிறகு நான் மாற்றலாகிப் போனேன். நாட்டில் சண்டை முடிந்தது. மன்னார்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊர் திரும்பின, சில புத்தளம் டவுனுக்குப் போயின. கடல் கரையை அரித்து வடக்குப் பக்க வீடுகள் இருந்த இடத்தை எடுத்துக்கொண்டது. சூசை அண்ணனும் போய்ச் சேர்ந்தார். இப்போது கரைவலையை ட்ராக்டர் இழுக்கிறது, அதற்குப் பாட்டுத் தேவையில்லை. ஒரு நாள் கரைப் பள்ளிக்கூடத்தையும் மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. மிஞ்சியிருந்தவர்கள் ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பேரும் இனிப் பெரிய ரோட்டைக் கடந்து போக வேண்டும்.

அந்த முதல் நாள் மனம் கேட்காமல் நான் போய்ப் பார்த்தேன். ரோட்டின் நடுவில் கதீஜா ராத்தா நின்றுகொண்டிருந்தார். றிஸ்வானா கல்யாணமாகி மன்னாருக்குப் போய்விட்டாள். இவர் மட்டும் போகவில்லை, மூத்த மகன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறான். வலது கையை உயர்த்தியிருந்தார். அவருக்கு முன்னால் ஓர் உப்பு லொறி உறுமிக்கொண்டு நின்றது. ஒன்பது பிள்ளைகளும் அவருக்குப் பின்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தார்கள்.

"ரோட்டக் கடக்க மாட்டன் எண்டீங்களே, ராத்தா."

"கடக்கல்லியே டீச்சர். நடுவுலதானே நிக்கிறன்."

ஆறு வருஷம் காலையும் மதியமும் நின்றார். சம்பளமில்லை, தொப்பியில்லை, விசில் இல்லை. போன மாரியில் மௌத்தாகி அவரும் அடக்கமாகிவிட்டார்.

பாலாவியில் பஸ்ஸுக்கு நின்றேன் அல்லவா, ஏறி வீட்டுக்குப் போகாமல் ராத்தா நின்ற அந்த இடத்தில் இறங்கினேன். பள்ளிக்கூடம் விடும் நேரம். ரோட்டில் புதிதாக வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். லொறிகள் அதன்மேல் அதே வேகத்தில் போகின்றன. அந்தப் பக்கம் ஆறேழு பிள்ளைகள் புத்தகப் பையோடு நின்றார்கள். நான் ஓரத்தில் நின்றபடியே கையைத் தூக்கினேன். ஒரு லொறியும் நிற்கவில்லை. நடுவுக்குப் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை.