மாஸ்டரின் சீட்டில் என் நம்பர்

அந்த ரொட்டிக் கம்பெனியில் தர அதிகாரியாகச் சேர்ந்த முதல் நாள், கையில் கோப்போடு ஓவன் அறைக்குள் போனேன். வியர்வையில் நனைந்த பனியனோடு ஒரு மனிதர், சூடான தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்து, பாதியைத் தன் வாயிலும் பாதியை என் உள்ளங்கையிலும் போட்டார்.

"நீங்கதான் அந்தப் புது டிகிரியா? மொதல்ல தின்னுங்க. எழுதுறதெல்லாம் அப்புறம்."

அவர்தான் பிஸ்கட் மாஸ்டர். ஒவ்வொரு ஈடும் ஓவனை விட்டு வந்ததும் அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். அப்புறம்தான் தட்டு பேக்கிங்குக்குப் போகும். இருபத்தாறு வருட வழக்கம் அது. என் படிவத்தில் அந்தத் தலையசைப்புக்குக் கட்டம் இல்லாததால் இரண்டே வாரத்தில் ஒன்று போட்டேன்: 'சுவை: மாஸ்டர் ஒப்புதல்.' எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எதுவும் கட்டத்துக்குள் வந்தால்தான் ஒழுங்கு என்று நம்பிய நாட்கள். எல்லோரும் என்னை 'டிகிரி' என்றே கூப்பிட்டார்கள். கேலிதான், ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது. மாஸ்டர் சீக்கிரமே 'நீ, வா, போ' என்று பேச ஆரம்பித்ததும் பிடித்திருந்தது.

ஒரு காலை, நாலாவது ஈட்டுக்குப் பிறகு, அவர் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு மாவு மூட்டை மேல் சாய்ந்தார். வலி முதுகைச் சுற்றித் தோள்பட்டைக்கு ஏறியது. முகத்தில் ரத்தமே இல்லை.

"கேஸு மாஸ்டர். ஒரு சோடா அடிங்க, ஓடிப் போயிரும்" என்றார் மாவு பிசைகிறவர்.

முக்கால் மணி நேரத்தில் வலி விட்டது. எழுந்து அடுத்த தட்டை இழுத்தார். மூன்றாவது தடவையும் இப்படியே ஆனதும் நானே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேனில் பித்தப்பைக்குள் நாலு கல் தெரிந்தது.

"வீடு கட்ட ஒரு கல்லுக்கு வழியில்ல. வயித்துக்குள்ள நாலு சேத்து வெச்சிருக்கேன் பாரு!" என்றார் மாஸ்டர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பையை எடுத்துடணும். சின்னச் சின்னதா நாலு துளை போடுவோம், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். ஆனா வரிசை நீளமா இருக்கு. தேதி வந்தா போன் பண்ணுவாங்க. அதுவரைக்கும் எண்ணெய், வெண்ணெய் தொடக் கூடாது."

சீட்டு எழுதுகிறவர் நம்பர் கேட்டார். ஓவன் அறைக்குள் தொழிலாளிகள் போன் கொண்டுபோகக் கூடாது. என்னைப் போன்ற அதிகாரிகளுக்குத் தடையில்லை. மாஸ்டர் என்னைக் காட்டினார். "இவரு நம்பரப் போடுங்க. படிச்ச புள்ள, நீங்க என்ன சொன்னாலும் புரிஞ்சுக்கும்."

என் நம்பரை நானே அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அன்று முதல் அவர் பிஸ்கட்டைக் கடித்து, மென்று, காகிதத்தில் துப்பினார். கடிக்காமல் தட்டை அனுப்ப மனம் வரவில்லை. நான் போட்ட கட்டமும் அவரை விடவில்லை. எவ்வளவு துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்தது. வாரத்துக்கு ஒரு முறையாவது வலி வந்து அவரை மூட்டை மேல் மடக்கிப் போட்டது.

ஆறாவது வாரம், பெரிய கடைக்காரர்கள் சிலர் எங்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். முதலாளி பக்கத்தில் நிற்க, பிஸ்கட்டின் ஈரப்பதத்தைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். கட் செய்தேன். மறுபடியும் அடித்தது. கட் செய்து, சத்தத்தையும் அடக்கிவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன்.

"நேத்து மூணு தடவை அடிச்சோமே சார். இன்னைக்கு அட்மிஷன் இருந்துச்சு. நீங்க எடுக்கல, அடுத்த ஆளுக்குக் குடுத்தாச்சு. இனி ரெண்டு மாசம் ஆவும்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓவன் அறைக்குப் போனேன். மாஸ்டர் காகிதத்தில் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன டிகிரி, ஆஸ்பத்திரியில ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல மாஸ்டர்."

என் வாய்தான் சொன்னது. அதற்குப் பிறகு தினமும் அவர் அதையே கேட்டார், நானும் தினமும் அதையே சொன்னேன். ஒரு நாள் பேக்கிங் அக்கா, பிஸ்கட்டைத் திருடித் தின்றவனைப் பிடித்து, "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்டா, மொதல்ல வாயத் தொடை" என்று சிரித்தார். நான் என் வாயைத் துடைத்தேன்.

மாஸ்டரின் மனைவி ஒரு மதியம் எண்ணெய் இல்லாமல் வேகவைத்த காயும் சோறும் கொண்டுவந்தார். "நீங்க கூட இருக்கீங்கன்னுதான் தம்பி தைரியமா இருக்கேன்" என்றார். கோப்பை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

ஏழு வாரம் ஓடியது. ஒரு முற்பகல் வந்த வலி விடவே இல்லை. உடம்பு கொதித்தது, கண்வெள்ளை மஞ்சளாகியிருந்தது. தட்டு அடுக்கும் ரேக்கைப் பிடித்தபடியே சரிந்தார். அன்றே ஆபரேஷன். பை சீழ் பிடித்துப்போனதால் சின்னத் துளைகள் போதவில்லை. வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நாள், வார்டில் கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"என்னைக்கு?" என்றார் மாஸ்டர்.

"அந்தக் கடைக்காரங்க வந்த அன்னைக்கு."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நீங்க எவ்வளவு நல்லாப் பேசுனீங்கன்னு வீட்டுல வந்து சொன்னேன். இவளக் கேளுங்க."

'நீங்க' என்றார்.

"போன எடுக்காதத விடுங்க. வேலை, மறதி, யாருக்கும் வரும். நான் தெனம் கேட்டேனே."

அவர் மனைவி தலையணைக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து, "பேனா இருக்கா தம்பி?" என்றார். கொடுத்தேன். என் நம்பரைக் குறுக்கே அடித்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தன் நம்பரை எழுதினார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

இது நடந்து எட்டு மாதம். மாஸ்டருக்கு இப்போது வலி இல்லை, எல்லாம் சாப்பிடுகிறார். வெட்டிய இடத்தில் பலம் குறைந்ததால் தட்டு தூக்கக் கூடாதாம். பேக்கிங் பகுதியில் முக்காலி போட்டு உட்கார்ந்து பெட்டி மூடுகிறார். ஓவனில் வேறு ஆள் கடித்துப் பார்க்கிறார். மாவு பிசைகிறவர் என்னை இன்னும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுகிறார். மாஸ்டர் 'சார்' என்கிறார்.