கடல்பாசி பூசிய காது

எங்கள் தெரு சிவப்பிரகாசத்துக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தனக்குத் தெரியாததும் உலகத்தில் உண்டு என்பது. ஆரணியில் பாதித் தெருவுக்குப் பட்டு நூல் பாவு கொடுத்துப் புடவை நெய்யவைத்து வாங்கும் முதலாளி. புடவையை வெயிலில் சாய்த்து, மினுமினுப்பை வைத்தே தரம் சொல்லிவிடுவார். மற்ற விஷயங்களையும் அதே கண்ணால்தான் பார்த்தார்.

எண்பத்து நான்காம் வருஷம் அவருடைய காது மடலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. உள்ளூர் டாக்டர் தோல் புற்றுநோயாக இருக்கலாம் என்றார். இப்போதே வேலூர் போய்ச் சின்னதாக வெட்டி எடுத்தால் காது தப்பும் என்றார். கத்தி என்றதும் முதலாளிக்கு விஞ்ஞானத்தின் மேல் திடீர்ப் பற்று வந்துவிட்டது. கடல்பாசியிலிருந்து பிரித்த ஏதோ சத்து, எலித் தோலில் வந்த கட்டியைச் சுருக்கியதாகப் பத்திரிகையில் படித்தாராம். மனிதருக்கு ஆகுமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

ரம்ஜான் நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்ய விற்கும் கடல்பாசியை வாங்கி, பாவுக்குப் போடும் கஞ்சி பதத்தில் காய்ச்சிப் பூசினார். காய்ந்ததும் காது பட்டு மாதிரி மினுங்கியது. புதுத்தோல் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். பாவு வாங்க வந்தவர்களிடமெல்லாம் காதைத் திருப்பிக் காட்டினார். அடுத்த பாவு யார் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? நன்றாக ஆறிவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். தலையணையில் ரத்தம் இருக்கிறதே என்று கேட்டவள் மனைவி அபிதகுசாம்பாள் ஒருத்திதான். உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தார். இதைக் கேட்ட எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் வலி தாங்காமல் வேலூர் போனார். டாக்டர் ஈரப் பஞ்சால் துடைத்ததும் மினுமினுப்பு ஏடாக உரிந்தது. அடியில் பாதிக் காதைப் புண் தின்றிருந்தது. காதையே எடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தவர் அடங்கினாரா? "பாசி போட்டதாலதான் காதோட போச்சு. இல்லன்னா தலைக்கே ஏறியிருக்கும்" என்றார்.

மறுவருஷம் தறிக்காரர் தணிகாசலம் மூக்கோரத்தில் ஆறாத புண்ணோடு பாவு வாங்க வந்தார். பாசி காய்ச்சிப் போடச் சொன்னார் முதலாளி. தணிகாசலமும் சரியென்று தலையாட்டினார். உள்ளேயிருந்து வந்த அபிதகுசாம்பாள் பாவை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"பாவு உங்களுதுதாண்ணா, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க. ஜல்தியா வேலூர் பஸ்ஸ புடிங்க."

ஒரு சின்னத் தழும்போடு தணிகாசலத்தின் மூக்கு தப்பியது. தன் மருந்துக்குக் கிடைக்க வேண்டிய நல்ல பேரை மனைவி கெடுத்துவிட்டாள் என்று முதலாளிக்கு இன்றுவரை வருத்தம்.