சாவிக்காரர் வீட்டு டிவிடி டிரைவ்

சாவியின் நகலை வெட்டி முடித்ததும் சாவிக்காரர் அதை அசலோடு சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். இரண்டு சாவிகளின் பற்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்கார வேண்டும். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் போச்சு, அரம் மறுபடி எழுந்துகொள்ளும். நிற்கிறவர் காலை மாற்றி மாற்றி நிற்க வேண்டியதுதான். "திறக்கும்ல, போதும் குடுங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால், "திறக்கும். பூட்டுக்கு வலிக்கும்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

நகலைக் கொண்டுபோய் நகல் கேட்டால் கையால்கூடத் தொடமாட்டார். நான் ஒருமுறை அப்படிக் கொண்டுபோய்த் திரும்பி வந்திருக்கிறேன். முதல் நகலில் ஒரு தப்பு இருந்தால், அதைப் பார்த்து வெட்டும் நகலில் அந்தத் தப்பும் இருக்கும், புதிதாக ஒன்றும் சேரும். அப்படியே நாலு தலைமுறை போனால் அது சாவியே இல்லை, காது குடையத்தான் ஆகும் என்பது அவர் கணக்கு. "அசல கொண்டாங்க" என்று மூன்று சொல்கூட இல்லாமல் அனுப்பிவிட்டார்.

இவ்வளவு குறைவாகப் பேசுகிறவர் எப்படி முப்பது வருஷம் கடை நடத்தினார் என்றால், பேச்செல்லாம் அவர் மனைவியிடம் இருந்தது. கடை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். எந்த வீட்டுச் சாவி, எதற்கு இன்னொன்று, பழையதை யார் தொலைத்தது, அவருக்குக் கல்யாணமாகிவிட்டதா, எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் சாவி உள்ளே போகும். ஒருநாள் ஒருவன் சோப்புக்கட்டியில் சாவியை அழுத்தி அச்செடுத்துக்கொண்டு வந்தானாம். அவள் கேட்ட கேள்விகளில் திணறி, சோப்பைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டானாம். அந்தச் சோப்பில் அவர்கள் ஒரு மாதம் குளித்தார்கள். இதை எனக்குச் சொன்னவளும் அவள்தான். ஒரு மாதம் என்பதில் இரண்டு வாரத்தை நீங்கள் தள்ளிக்கொள்ளலாம்.

அந்த வாய்தான் போன வருஷக் கடைசியில் நின்றது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் உதட்டின் ஒரு பக்கமும் தொங்கிவிட்டன. எல்லாம் புரிகிறது, ஒன்றும் சொல்ல வரவில்லை. பேச்சுப் பயிற்சி தர வாரம் ஒருமுறை வரும் பெண், முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் பெரும்பாலும் வரும், ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிடுகிறார்.

மகனும் மகளும் வெவ்வேறு நாட்டில் இருக்கிறார்கள். இருவரும் ஆளுக்கொரு பயிற்சி டிஸ்க் வாங்கி அனுப்பினார்கள். மகன் அனுப்பியதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு டாக்டர். நல்ல மனிதராகத்தான் இருந்தார், ஆனால் மேலுதட்டை முழுசாக மூடிய மீசை. மீசை ஆடுவது தெரிந்ததே தவிர உதடு தெரியவில்லை. மகள் அனுப்பியதில் அகலமான முகமுள்ள ஒரு நடுத்தர வயதுப் பெண். திரை முழுக்க முகம். உதட்டை மூடுவாள், திறப்பாள், மூடுவாள். அவள் பேசுகிற மொழி நம் மொழி இல்லை. ஆனால் 'ப' என்பதற்கு எந்த ஊரிலும் உதட்டை மூடித்தானே திறக்க வேண்டும்?

மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்தது. அதில் சாவிக்காரர் முதலில் மகனுடைய டிஸ்க்கைப் போட்டார். பகுதி எண்ணை மாற்றவா என்று கேட்டது. மாற்று என்றார். ஒரு வாரம் மீசை டாக்டர். இரண்டு பிள்ளைகளும் தொலைபேசியில் "என் டிஸ்க்க போட்டீங்களாப்பா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதனால் யாருக்கும் மனம் நோகாமல், அடுத்த வாரம் மகளுடையது. மறுபடி கேட்டது, மாற்று என்றார். மூன்றாம் வாரம் மகன், நான்காம் வாரம் மகள். ஒவ்வொரு முறையும் இன்னும் இத்தனை தடவைதான் என்று ஓர் எண்ணைக் காட்டியது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. பின்னால் என்னிடம் சொன்னார்: "பூட்டுல சாவிய போட்டுப் பாக்கறதுக்கு யாராவது கணக்கு வைப்பாங்களாங்க?"

நான்காம் வாரத்தில்தான் அவளுக்கு 'ப' வந்தது. உதடு கோணித்தான் மூடியது, ஆனால் வந்தது. பாதி 'பா'வும் வந்தது. மகளை அவள் கூப்பிடுவது 'பாப்பா' என்றுதான். நாற்பது வயதாகியும் பாப்பாதான். இன்னும் ஒரே வாரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவாள் என்று பயிற்சிப் பெண் சொன்னாள். அடுத்தது மகன் முறை. அவர் நியாயம் தவறவில்லை. மீசை டாக்டரைப் போட்டார். அதற்கடுத்த வாரம் மகளுடைய டிஸ்க்கை வைத்தால், தட்டு உள்ளே போய் அதே வேகத்தில் வெளியே வந்து நின்றது.

டிஸ்க்கில் தூசி என்று நினைத்து ஒரு வாரம் துடைத்தார். பிறகு டிஸ்க் போடும் டிரைவையே கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பெண்ணிடம் போனார். அவள் பொறுமையாக விளக்கினாள். டிஸ்க் விற்கிறவர்கள் உலகத்தை ஆறேழு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டில் விற்றது இன்னொரு துண்டின் எண்ணுள்ள டிரைவில் ஓடாது. எண்ணை மாற்றலாம், ஆனால் ஐந்தே முறை. ஐந்தாவதாக எதில் நிற்கிறதோ, ஆயுளுக்கும் அதுதான். இங்கே நின்றது மீசை டாக்டரின் எண்ணில். ஊரார் பூட்டையெல்லாம் திறந்து கொடுத்த மனிதர் தன் கையாலேயே மனைவியின் வாயைப் பூட்டிவிட்டு அங்கே நின்றார்.

இந்தப் பூட்டை உடைக்க ஒரு வழி இருக்கிறது, டிரைவ் பிழைத்தால் பிழைக்கும், செய்து பார்க்கட்டுமா என்று அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறாள். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"யாரு போட்ட பூட்டுன்னு தெரியாம நான் திறக்கறது இல்லம்மா. புதுசு ஒண்ணு வரவச்சுக் குடு."

டிவிடி டிரைவை இப்போது யாரும் கேட்பதில்லை, அவள் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் ஆகும் என்றாள்.

அந்த இரண்டு வாரமும் அவரே டிஸ்க் ஆனார். டிஸ்க் ஓடிய நாட்களிலும் அவர் திரையைப் பார்த்ததே இல்லை. திரைக்கு முதுகைக் காட்டி, மனைவியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொள்வார். "பூட்டு திறக்குதான்னு பூட்டத்தானே பாக்கணும்" என்பார். அவள் வாயைப் பார்த்தே மொத்தப் பாடமும் அவருக்கு மனப்பாடம். அதை இப்போது அவளுக்கே திருப்பிச் செய்து காட்டினார். கடையில் சாவி வெட்டும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எதையோ மெல்லுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டாம் வாரம் பயிற்சிப் பெண் வந்தாள். 'ப' மங்கிப் போயிருந்தது. உதடு முன்னைவிட அதிகமாக ஒரு பக்கம் இழுத்தது. அவரைச் செய்து காட்டச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், நீங்க ஏன் வாய ஒரு பக்கமா இழுக்கறீங்க?"

அவர் எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தார். அவளுடைய கோணல் உதட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதே கோணலை அவளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நகலுக்கு நகல். அன்று முழுவதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாராம். வழக்கமாகவே பேசாத மனிதர் என்பதால் கடைக்கு வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

டிரைவ் வந்த அன்று அந்தப் பெண்ணின் கடையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்து வாங்கினார். தட்டு இல்லாமல் டிஸ்க்கை விழுங்குகிற வகை ஒன்று, தட்டு நீட்டுகிற வகை ஒன்று. தட்டு உள்ளதைத் தேர்ந்தார். மனைவி விரலால் தள்ளிப் பழகட்டும் என்றுதான். படம் ஓட்டும் மென்பொருளும் இரண்டு இருந்தன. டிரைவோடு வந்ததில் பொத்தான்கள் மின்னின, எண்ணை மாற்றவா என்று அதுவும் கேட்டது. மற்றது இலவசம், பார்க்கச் சாதாரணமாக இருந்தது. ஆனால் எதுவும் கேட்காமல் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, குறித்துக் கொடுத்த ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியது. "கேள்வி கேக்காததையே குடும்மா. கேட்டா நான் மாத்துன்னு சொல்லிடுவேன்" என்று அதை வாங்கிக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் ஒரு சாவியைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் இப்போது இரண்டு டிரைவ்கள், ஒன்றின்மேல் ஒன்று. மேலே மகன், கீழே மகள், யாருக்கும் மனக்குறை இல்லை. மனைவியின் வலது கையைத் தன் கையில் ஏந்தி, அவள் விரலாலேயே கீழ்த் தட்டை உள்ளே தள்ளவைத்தார். அகல முகத்துப் பெண் திரையில் வந்தாள். பாதி வேகத்தில் உதட்டை மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள்.

அவர் வழக்கம்போல் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் திரையை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் பார்வை நழுவி, இரண்டு வாரப் பழக்கத்தில், அவர் வாய்க்கு வந்து நின்றது. அவர் அரத்தூள் படிந்த உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார். அங்கே பார் என்று கண்ணால் சொன்னார். அவள் பார்க்கவில்லை. நல்ல கையை மெல்லத் தூக்கி, அவர் உள்ளங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

சாவிக்காரர் முதல்முறையாக நாற்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு 'ப' மட்டும் ஓடியது, மறுபடி ஓடியது, மறுபடியும் ஓடியது. வெளிச்சத்தில் அசலைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பி, உதட்டை நேராக மூடினார்.