ஆலையில் எழுதிய 'அ'

ஆலையிலிருந்து வெளிவரும் கடலைப் புண்ணாக்கின் சூடான மணம் காலையிலேயே எங்கள் மயிலாப்பூர்ச் சந்துக்குள் நுழைந்து, கஞ்சி வைக்காத நாட்களில் பசியை இன்னும் கிளப்பிவிடும். நாங்கள் "பெரியவர்" என்றழைத்த ஆலை முதலாளி, ஒற்றை மாட்டுச் செக்கில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் எஞ்சின் வைத்த ஆலை, தியாகராய நகரில் பங்களா, மோட்டார் வண்டி என்று உயர்ந்தவர். கோயில் விளக்குக்கும் தர்கா விளக்குக்கும் அவர் எண்ணெய்தான். தொழிலாளிகளின் பையன்களுக்காக ஆலைக்குப் பின்னால் ஓர் இலவசப் பள்ளிக்கூடமும் நடத்தினார்.

என் அப்பா அங்கே எண்ணெய் "டின்" சுமந்தார். எட்டு வயதான நான் பெரியவரின் ஒரே பேரனை, அத்தனை சொத்துக்கும் வாரிசான ஐந்து வயது துரையை, இடுப்பில் சுமந்தேன். வரும் விஜயதசமியோடு அவன் படிக்கப் போய்விடுவான், என் வேலையும் தீர்ந்துவிடும், அதன்பின் அடையாற்றில் ஒரு பங்களாவில் என்னைத் தங்கு வேலைக்கு விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கு அங்கே போக விருப்பமில்லை.

ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, மறுநாள் அதன் எதிரிலேயே தாம்பாளத்தில் நெல் பரப்பி, பையன்களின் விரலைப் பிடித்து வாத்தியார் 'அ' எழுதவைப்பார். நெல்லில் எழுதிய பிள்ளையின் பெயர் அன்றே பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிடும். அது பெரியவர் வைத்த வழக்கம். அந்த ஆண்டு முதலில் எழுத வேண்டியவன் துரை. அவனோ என் பாவாடையை விடாமல் கத்தினான்.

"அஞ்சலை குந்தினாத்தான் நான் குந்துவேன்!"

"குந்துடி, நேரமாவுது" என்றார் ஆலை மேஸ்திரி. குந்தினேன். எழுதி முடித்ததும் துரைக்கு அடுத்த அடம்: "அவளும் எழுதணும்!" வாத்தியார் தயங்கிப் பெரியவரைப் பார்த்தார். நான் யாருக்கும் காத்திருக்கவில்லை. நெல்லை உள்ளங்கையால் தடவிச் சமனாக்கி, அவனுக்குக் காட்டிய எழுத்தை அப்படியே இழுத்துவிட்டேன்.

"இன்னாடி பண்ணிட்டே!" என்று மேஸ்திரி எகிறினார். "பொம்பளப் புள்ள பேரை எங்க ஏத்தறது? இவ படிச்சிட்டு வந்து ஆலைக்கு மேனேஜராவப் போறாளா?" கூட்டம் சிரித்தது.

"தெரியாம செஞ்சிட்டா ஐயா" என்று அப்பா கையைப் பிசைந்தார்.

"தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றேன்.

பெரியவர் தாம்பாளத்தின் மேல் குனிந்து பார்த்தார். "என் பேரன் எழுத்தவிட நேராத்தான் கீது. வழக்கத்தை வெச்சவனே மீறலாமா, மேஸ்திரி? வாத்தியாரே, பேரை எழுதுங்க."

அடையாற்றுப் பங்களாக்காரர்கள் வேறொரு சிறுமியைத் தேடிக்கொண்டார்கள்.

இன்று நான் பள்ளி ஆசிரியை. பெரியவர் காலமாகிவிட்டார், துரை பெரியவனானதும் ஆலையை விற்றுவிட்டான். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் மோட்டார் "ஷெட்" நிற்கிறது. பள்ளி மூடப்படும்வரை எனக்குப் பிறகு ஒரு பெண்ணின் பெயர்கூட அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. பணக்காரப் பிள்ளை பிடித்த அடத்தால் படித்தவள் என்று எங்கள் சந்தில் இன்னும் சொல்கிறார்கள். முதல் எழுத்துவரைக்கும் அது உண்மை. மற்ற எழுத்துகளுக்கு யாரும் அடம் பிடிக்கவில்லை, நான்தான் பிடித்தேன்.