துரையின் பட்டத்துக்குக் காற்று

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தாகிவிட்டது, இனி துரை என்று ஒருவன் நமக்குக் கிடையாது என்று நினைத்திருந்தேன். பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையின் வேன் டிரைவர். காலையில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களை ஏற்றி வருவார். நானும் அந்த வேனில்தான் போவேன். எங்கள் வெள்ளைக்கார மேனேஜரை எல்லோரும் பாஸ் என்று கூப்பிட, இவர் வாயில் மட்டும் "துரை" என்றுதான் வரும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மேனேஜர் தன் ஊரிலிருந்து ஒரு பட்டம் கொண்டுவந்தான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. நம் பிள்ளைகள் விடும் பட்டமில்லை அது, ஒரு வீட்டுக் கூரை அகலம். துணிக்குள்ளே ரப்பர் குழாய்கள். அவற்றில் காற்றடித்து விறைப்பாக்கினால்தான் பறக்கும். காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு அதைப் பிடித்தால் கடல்மேல் ஆளை இழுத்துக்கொண்டு போகும். விளையாடுவது அவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோலா சுங்கை பாரு கடற்கரையில், கொதிக்கிற மணலில் நின்று, கைப்பம்பால் காற்றடிப்பது என் வீட்டுக்காரர். ராத்திரி முதுகுக்குத் தைலம் தேய்ப்பது நான்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வேனின் ஸ்பேர் டயரைப் பெட்ரோல் ஸ்டேஷனில் கல்லாட்டம் நிரப்பிக்கொள்வார். கடற்கரையில் ஒரு ரப்பர் ஹோஸின் ஒரு முனையை டயர் வாயில் பொருத்தி, மறுமுனையில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பட்டத்தின் வாயில் அழுத்திப் பிடிப்பார். கொஞ்சம் விட்டு, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி விட்டால் பட்டம் தானாக எழுந்து நிற்கும். டயர் காலியாகிவிடும். திரும்பும் வழியில் மறுபடி நிரப்பிவிடுவார். "பாண்டாய்லா!" என்று மேனேஜர் மலாயில் சொல்லி அவர் முதுகில் தட்டினானாம். கெட்டிக்காரனாம். அந்த முதுகு எத்தனை மாதம் வலித்தது என்று கேட்டானா? வேண்டாத கைப்பம்பு எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்தத்தில் கல்யாணம். மேனேஜர் கடற்கரைக்கு வேனைத் தானே ஓட்டிப்போனான். சாயங்காலம் சாவியைக் கொடுக்க வந்தபோது இவர் வாசலில் நின்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

"துரை, ஸ்பேர் டயர்ல காத்து அடிச்சிட்டீங்களா?"

"பெரெஸ், பெரெஸ்" என்றான். எல்லாம் ஆயிற்று என்று அர்த்தம். துரை சொன்னால் அதற்குமேல் பேச்சு உண்டா? இவர் இறங்கிப் போய்த் தட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியலில் செம்பனைக் காட்டு ரோட்டில் பின் டயர் வெடித்தது. வேன் நிறையப் பெண்கள். ஸ்பேர் டயரைக் கீழே இறக்கினால் சொத்தென்று உட்கார்ந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு லாரிக்காரர் நிறுத்தி உதவி, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பாதி ஷிஃப்ட் போய்விட்டது. அன்றைக்கே இவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஸ்பேர் டயரைக் கவனிக்காதது குற்றமாம். கையெழுத்துப் போட்டவன் அதே மேனேஜர்.

"நீங்க சொல்ல வேண்டியதுதானே, காத்த காலி பண்ணது அவன்தான்னு?"

"எப்படிடி சொல்றது? துரையாச்சே."

பாத்திரத்தைத் தூக்கி எறிந்தேன். அவன்மேல் வந்ததைவிட இவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பூம்பூம் மாடாவது அரிசி போட்டவனுக்குத் தலையாட்டும்.

அந்த வாரச் சனிக்கிழமை வீட்டுப் போன் அடித்தது. மேனேஜர்தான். நாளைக்குக் காற்று நன்றாக இருக்குமாம், இவர் கடற்கரைக்கு வரவேண்டுமாம். வேலை போனது வேறு, இது வேறு என்று நினைத்தானோ என்னவோ! இவர் போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "போனா ஒருவேளை மறுபடி எடுத்துக்குவாருலா."

"போவோம். நானும் வரேன்" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்த கைப்பம்பை நான் எடுத்துக்கொண்டேன். பஸ் பிடித்துப் போனோம். கடற்கரையில் மேனேஜர் பட்டத்தை விரித்துப் போட்டுக் காத்திருந்தான். பம்பை அவன் காலடியில் வைத்தேன்.

"துவான், பாம் செண்டிரிலா" என்றேன். துரை, நீயே அடித்துக்கொள் என்று அர்த்தம்.

என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். இவர் தலை குனிந்திருந்தது. வேறு வழியில்லாமல் அடிக்க ஆரம்பித்தான். நான் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இவர் வேலையோடு என் வேலையும் போகும் என்று எனக்குத் தெரியும், போகட்டும். அவன் சட்டை நனைந்தது, முகம் சிவந்தது, நின்று நின்று மூச்சு வாங்கினான். பட்டம் பாதிகூட எழவில்லை.

"பாவம்டி" என்று சொல்லி இவர் பம்பை நோக்கிக் கையை நீட்டினார்.

அந்தக் கையை எட்டிப் பிடித்தேன். நாங்கள் பஸ் ஏறும்வரை விடவில்லை.