சுரண்டி எடுத்த மண்டையோடு

சாயச் சரக்குக் கடையில் பொட்டலம் கட்டிப் பிழைக்கிறவனுக்கு, வேட்டி துவைக்கும்போதெல்லாம் பெண்டாட்டியிடம் ஏச்சு நிச்சயம். என்னைப் போலத் தராசுக்குப் பின்னால் நின்று காலம் தள்ளினவர்களுக்கு இது புரியும். சேலத்துக் கடையில் முதலாளியிடம் நான் வாங்கின ஏச்சுக்கு வேறு காரணம் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

லட்சணமான டப்பா

மஞ்சள் சாயத்துக்கு ஈய உப்பு வேண்டும். நூல் கழியை அதன் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் அலசி, பைக்ரோமேட் உப்புக் கரைசலில் முக்கினால் பளிச்சென்று மஞ்சள் ஏறும். எத்தனை துவைத்தாலும் போகாது. முன்பெல்லாம் வந்தது பழுப்பாக, காடி நாற்றம் அடிக்கிற மட்டச் சரக்கு. ஒரு வருஷம் மதராசிலிருந்து சுத்தமான சரக்கு இறங்கியது. கல்கண்டு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. தித்திக்கும் என்பதால் ஈயச் சர்க்கரை என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

ராசிபுரத்துச் சாயக்காரர் செங்கோடன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது. "முகூர்த்தச் சேலை நூலுக்குச் சாயம் போடறவனுங்க நானு. இதைத் தொடமாட்டேன்" என்று எழுந்துவிட்டார். முதலாளி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், இருந்த டப்பா அத்தனையிலும் படத்தைச் சுரண்டிவிட்டு வந்தேன். செங்கோடன் ஒன்றை வாங்கித் தடவிப் பார்த்துச் சொன்னார்: "இப்பத்தானுங்க லட்சணமா இருக்குது."

நாக்குத் தராசு

புதுச் சரக்கு எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவர முதலாளி என்னை ராசிபுரம் அனுப்பினார். செங்கோடன் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்து இனிப்புப் பார்த்தார், கண்ணை மூடினார், இன்னும் ஒரு பிடி சரக்குப் போட்டார், மறுபடி நக்கினார். அந்தப் பக்கத்துச் சாயக்காரர் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். நிறுத்துப் போடுகிறவனைக் கண்டால் சிரிப்பார்கள்.

டப்பாவுக்குள் இங்கிலீஷில் ஒரு காகிதம் இருந்தது. எட்டாவது வரை படித்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. வாயில் படக்கூடாது, தூளை மூச்சில் இழுக்கக்கூடாது, உள்ளே போனது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், வயிறும் நரம்பும் கெடும் என்றெல்லாம் போட்டிருந்தது. முதலாளியிடம் படித்துக் காட்டினதற்குத்தான் அந்த ஏச்சு. நான் பயந்தாங்கொள்ளி. ஆகவே செங்கோடனிடம், "நாக்குல வைக்காதீங்கண்ணா, நிறுத்துப் போடுங்க" என்றேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. அவர் சிரித்தார்: "இருவத்தஞ்சு வருசமா இந்த நாக்குத்தானுங்க தம்பி எனக்குத் தராசு."

விளக்கெண்ணெய்

அடுத்த வருஷம் அவர் கடைக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். மலம் கட்டிக்கொண்டு வயிற்றை முறுக்கி எடுக்கிறதாம். சூடு என்று சொல்லி விளக்கெண்ணெயும் இளநீருமாகக் குடித்துக்கொண்டிருந்தார். பேசும்போது பார்த்தேன், பல்லின் அடியில் ஈறு ஓரமாக நீலக்கறுப்பாய் ஒரு கோடு. காகிதத்தில் அதுவும் போட்டிருந்தது. சொல்லிவிட வாய்வரை வந்துவிட்டது. முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஈறு ஏனுங்கண்ணா கறுத்திருக்குது?" என்று மட்டும் கேட்டேன். "வெத்தல போடறவன் ஈறு வேற எப்படிங்க இருக்கும்?" என்றார்.

நல்ல சரக்கு

அதற்கப்புறம் அவர் வரவில்லை. அவர் சம்சாரம் அங்கம்மா வந்தார். செங்கோடனுக்கு இரண்டு கையும் மணிக்கட்டோடு தொங்கிப்போய்விட்டதாம், கழி பிழிய முடியவில்லையாம், சோறுகூட இந்த அம்மாள்தான் ஊட்டுகிறாராம். "இப்ப நாந்தானுங்க தம்பி தொட்டி பாக்கறேன். அவரு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறாரு. போன டப்பா இனிப்புப் பத்தலைங்க, நல்ல சரக்காப் பாத்துப் போடுங்க."

முதலாளி இருந்தால் இருக்கட்டும் என்று உள்ளே போய், புதிதாக இறங்கின சரக்கில் இன்னும் சுரண்டாத டப்பா ஒன்றைத் தூக்கிவந்து அங்கம்மா முன்னால் வைத்தேன். படத்தைக் காட்டினேன், காகிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன், செங்கோடன் எழுந்த அன்றைக்குச் சுரண்டினவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையால் நாக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெறும் பையோடு படியிறங்குகிறபோது திரும்பிச் சொன்னார்: "இந்தப் படத்தைக் கண்டு எந்திரிச்சுப் போன மனுசனைக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டீங்களே தம்பி."

அந்தக் கடையில் அத்தனை வருஷம் நின்று நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட தொழில், டப்பாவில் கீறல் விழாமல் படத்தைச் சுரண்டுவது ஒன்றுதான்.