சுசீலாதேவியும் கப்டனின் தொலைநோக்கியும்

தரையைத் துடைத்து முடித்ததும் சுசீலாதேவி வாளியை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பார். வாயால் ஊதி ஊதி, பார்வையாளர்களின் விரல் அடையாளங்களைத் துணியால் அழுத்தித் துடைப்பார். உள்ளே கிடக்கும் பித்தளைத் தொலைநோக்கிக்கு அப்போது ஏச்சும் விழும். "உனக்கென்ன, பெரிய பேர் எடுத்திட்டாய்." சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரிலுள்ள அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் எத்தனையோ பழைய சாமான்கள் இருக்கின்றன. அவரிடம் ஏச்சு வாங்குவது இது ஒன்றுதான்.

அது ஆங்கிலேயக் கப்பல் கப்டன் ஒருவருடையது. நூற்றெண்பது வருடங்களுக்கு முன், அடிமை வியாபாரத்தைத் தடுக்க ஆபிரிக்கக் கரையோரம் ரோந்து போனவர். அடிவானத்தில் பொட்டளவு தெரிந்த அடிமைக் கப்பலின் பாயை இதன் வழியாகக் கண்டு, துரத்திப் பிடித்து, அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரை மீட்டாராம். ஜெர்மன் குறிப்பை வாசித்துச் சொன்னது மகள் சிவரூபினி. கப்டனின் பெயர் இருந்தது, கப்பலின் பெயர் இருந்தது, தொலைநோக்கி செய்த கடையின் பெயர்கூட இருந்தது. மீட்கப்பட்டவர்களில் ஒருவருடைய பெயரும் இல்லை. பேரைக் கேட்டு எழுத ஒருத்தருக்கும் நேரமில்லையோ என்று சுசீலாதேவி அன்றைக்கே கேட்டார்.

அவருடைய கணவர் பரமநாதன், இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரைக் கடலில் மீன் பிடித்தவர். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை வலையோடு போனார், திரும்பவில்லை. தூரத்தில் கடற்படையின் ரோந்துப் படகொன்று நின்றதைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். விசாரணை என்று வந்ததும் அவர்கள் கண்ணில் அன்று ஒன்றுமே படவில்லையாம். சுசீலாதேவி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. பிறகு, தொலைநோக்கியை ஏசாமல் என்ன செய்வார்!

"இதுக்குள்ளால பார்த்து ஒருத்தன் இருநூறு பேரைக் காப்பாத்தினவன். எங்கட மனுசனையும் ஆரோ இப்பிடி ஒண்டுக்குள்ளால பார்த்துத்தானே இருப்பாங்கள்" என்பார்.

இப்போது சுவிஸ் பாசுக்கு, அதாவது குடியுரிமைக்கு, விண்ணப்பித்திருக்கிறார். கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதற்கு நகரசபை பத்திரம் கேட்கிறது. அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. ஊரிலிருந்து மைத்துனர் தம்பித்துரை மரணப் பதிவுப் படிவத்தை அனுப்பிவிட்டார். நிரப்பிக் கையெழுத்து வைத்தால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தொலைபேசியிலும் சொன்னார். படிவம் மூன்று மாதமாக மேசையில் கிடந்தது.

"பதினெட்டு வருசம் அம்மா. இனி அப்பா வரமாட்டார். கையெழுத்தை வையுங்கோ" என்றாள் சிவரூபினி.

"செத்ததை நான் கண்டனானோ?"

போன ஞாயிற்றுக்கிழமை, தானாகவே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தின் முன் உட்கார்ந்தார். கணவரின் பெயரை எழுதினார், ஊரை எழுதினார். 'இறந்த திகதி' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. சுசீலாதேவி 'இறந்த' என்பதை ஒரே கோடாக வெட்டினார். அதற்கு மேலே 'கடைசியாகக் கண்ட' என்று எழுதி, அந்த விடியற்காலையின் திகதியைப் போட்டு, கீழே கையெழுத்தை வைத்தார்.